பல் கட்டும் கை பூக் கட்டிய கதை

"இது யாருடைய காது, அப்பா?"

நக அலங்காரத்துக்காக, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்கில் நான் செய்த முதல் பூவைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டது இதுதான். குறை சொல்ல வழியில்லை. ஐந்து இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து, ஓரம் சுருண்டு, நடுவில் ஒரு குழியும் விட்டு, அசல் காதாகவே உட்கார்ந்திருந்தது. கம்மலுக்குத் துளை ஒன்றுதான் பாக்கி.

எனக்கு உறைத்தது அவளுடைய கேலி அல்ல. 22 வருடங்களாக அக்ரிலிக்கைப் பிசைந்து சம்பாதிக்கிறவன் நான். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் கட்டிக்கொடுப்பது என் தொழில். பல்செட்டில் ஈறு போலத் தெரிகிற இளஞ்சிவப்புப் பகுதி முழுக்க அக்ரிலிக்தான். அதன் குணம், கோபம், சோம்பல் எல்லாம் எனக்கு அத்துபடி என்று நினைத்திருந்தேன். அதே பொருள் ஒரு மோதிர விரல் நகத்தின் பரப்பில் என்னைத் தலைகுப்புறத் தள்ளிவிட்டது.

எல்லாம் மூக்கில் தொடங்கியது. மகள் நகக் கலைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தாள். மாலையில் தன் அறையில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு பழகுவாள். ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், நான் பல்செட் கட்டுகிற லேபின் வாசனை. சட்டையில் ஒட்டிக்கொண்டு என்னுடனேயே வந்துவிட்டதோ என்று தோளை முகர்ந்து பார்த்தேன். இல்லை, அவள் அறையிலிருந்துதான் வந்தது. கூர்ந்து முகர்ந்தால் லேப் வாசனையும் அல்ல, அதன் தம்பி. அதே சாயல், வேறு ஆள்.

எட்டிப் பார்த்தேன். மேசைமேல் ஒரு டேப்பன் டிஷ். தடித்த கண்ணாடியில், அடி கனத்து, நடுவில் குழிந்திருக்கும் சின்னக் கிண்ணம். பல் மருத்துவத்தில் மருந்தும் திரவமும் ஊற்றி வைக்கிற பாத்திரம் அது. எங்கள் லேபில் அரை டஜன் கிடக்கிறது.

"இதை ஏன் என் லேபிலிருந்து எடுத்து வந்தாய்?"

"லேபிலிருந்தா? இது நகத்துக்கு, அப்பா. மோனமர் ஊற்றுவதற்கு."

மோனமர் என்ற சொல்லை என் வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், நான்கு மாதம் ஆகிறது.

விஷயம் இவ்வளவுதான். அக்ரிலிக் ஒரு பவுடரும் ஒரு திரவமும் சேர்ந்து உருவாகிறது. பவுடர் என்பது ஏற்கெனவே நீண்ட சங்கிலிகளாகக் கோத்து இறுகிய பாலிமரின் நுண்ணிய மணிகள். திரவம் என்பது இன்னும் சங்கிலியாகக் கோக்கப்படாத மோனமர். பவுடரில் பென்சாயில் பெராக்சைடு கொஞ்சம் கலந்திருக்கும். திரவத்தில் அமீன் வகை ஊக்கி ஒன்று இருக்கும். இரண்டும் சந்தித்ததும் ஊக்கி பெராக்சைடை உடைக்க, உடைந்த துண்டுகள் மோனமரைத் தூண்ட, அது ஒன்றோடொன்று கைகோத்து நீண்டு இறுகிவிடும். இறுகும்போது சூடு கிளம்பும். ஜெல் நகத்தை இறுக்க வேண்டியிருக்கிற விளக்கு இதற்குத் தேவையில்லை. பல்செட்டுக்குப் போடுவது மெத்தில் மெத்தாக்ரிலேட், நகத்துக்குப் போட வேண்டியது எத்தில் மெத்தாக்ரிலேட். என் மூக்கு கண்டுபிடித்த தம்பி அதுதான். இந்த அண்ணன் தம்பி வித்தியாசம் பெரிய விஷயம், பிறகு வருகிறேன்.

உறவு வாசனையோடு நின்றுவிடவில்லை. 1954-இல் பிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வேலையில் நகத்தை உடைத்துக்கொண்டு, கைக்கு எட்டிய பல் அக்ரிலிக்கையே எடுத்துச் செயற்கை நகம் செய்துகொண்டார் என்பதுதான் அக்ரிலிக் நகத்தின் பிறப்புக் கதையாகச் சொல்லப்படுகிறது. தூரிகையை மோனமரில் நனைத்து, பவுடரில் தொட்டு, நுனியில் ஓர் உருண்டையை எடுத்து வைக்கிற முறையும் எங்களுடையதுதான். பல் துறையில் அதற்கு நீலான் முறை என்று பெயர். தற்காலிகப் பல் உறையின் ஓரத்தைச் சரிகட்ட இன்றைக்கும் அப்படித்தான் உருண்டை உருண்டையாக வைக்கிறோம். ஆகவே இந்தக் கலை எங்கள் வீட்டுப் பெண், வேறு வீட்டில் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

"கொடு, நான் ஒன்று செய்து காட்டுகிறேன்" என்றேன்.

காது பிறந்தது.

என் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. லேபில் நாங்கள் மூடியுள்ள ஜாடியில் மூன்று பங்கு பவுடருக்கு ஒரு பங்கு திரவம் என்று கலந்து மூடி வைத்துவிடுவோம். கலவை முதலில் ஈர மணலாக இருக்கும். பிறகு தொட்டு இழுத்தால் நூல் நூலாக வரும். பிறகு ஜாடியின் சுவரை விட்டுவிட்டுத் திரண்டு மாவுப் பதத்துக்கு வரும். அந்த நேரத்தில்தான் அச்சில் அடைக்க வேண்டும். தவறவிட்டால் ரப்பராகி முரண்டு பிடிக்கும், அதற்குப் பிறகு கல். இந்தப் பதங்களுக்கு நடுவே நிமிடக்கணக்கில் நேரம் இருக்கும். அச்சோடு வெந்நீர்த் தொட்டிக்குப் போகிற இந்த வகை அக்ரிலிக்கில் ஊக்கியே கிடையாது. சூடுதான் அதை இறுக்குகிறது. அதனால் அவசரமே இல்லை. நடுவில் ஒரு ஃபோன் வந்தால்கூடப் பேசிவிட்டு வரலாம்.

நகத்தின்மேல் வைக்கிற உருண்டைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கடுகளவு உருண்டைக்கு மணலும் நூலும் மாவும் ரப்பரும் எல்லாம் அரை நிமிடத்துக்குள் வந்து போய்விடுகின்றன. நான் "இன்னும் பதம் வரவில்லை" என்று காத்திருந்தபோது அது வந்து, என்னைப் பார்த்துவிட்டு, போயே போய்விட்டது. சரி, சீக்கிரம் அழுத்துவோம் என்று அடுத்ததில் அவசரப்பட்டால் தூரிகையின் மயிர் உருண்டைக்குள் மூழ்கி, இழுக்கும்போது கூடவே எழுந்து வந்தது.

ஒரே ஓர் இதழை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மற்ற எல்லாம் இதையே மறுபடியும் மறுபடியும் செய்வதுதான்.

தூரிகையை மோனமரில் முக்கி, கிண்ணத்தின் விளிம்பில் இருபுறமும் வழித்துவிட வேண்டும். முழு நகம் கட்டும்போது தூரிகையில் நிறைய ஈரம் வைத்துக்கொள்வார்கள். பூவுக்கு அதில் பாதிகூடக் கூடாது. திரவமும் பவுடரும் ஏறக்குறைய சரிக்குச் சரி. வழித்த தூரிகையின் நுனியை மட்டும் பவுடரின் மேற்பரப்பில் மெல்லத் தொட்டு, ஒரு சின்ன வட்டம் போட்டால் நுனியில் உருண்டை திரளும். திரண்டதும் அது உலர்ந்த மணி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஓரிரு விநாடியில் திரவம் உள்ளிருந்து ஊறி வெளியே வந்து பளபளக்கும். பளபளப்பு வந்ததும் நகத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

இங்கேதான் என் மகள் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். "தொடாதீர்கள். பாருங்கள்." உருண்டை கொஞ்சம் தளர்ந்து, அரைக்கோளமாகப் படிந்து உட்காரும். விளக்கின் பிரதிபலிப்பு அதன் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் விளிம்பு முதலில் கூர்மையாக இருக்கும், பிறகு மங்கும், பிறகு புள்ளியே கரைந்து பனி படிந்த கண்ணாடிபோல் ஆகும். புள்ளி மங்கத் தொடங்குவதற்கும் கரைவதற்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் நமக்குக் கிடைத்த நேரம். என் மேசையில், என் அறை வெப்பத்தில், நான் ஏழு எண்ணினால் அந்த இடம் வருகிறது. மழை பெய்து குளிர்ந்த நாளில் பன்னிரண்டுகூட ஆகியிருக்கிறது. வெப்பம் கூடினால் சீக்கிரம் இறுகும், குறைந்தால் தாமதிக்கும். ஆகவே எண்ணிக்கையை நம்பாதீர்கள், புள்ளியை நம்புங்கள்.

பிறகு தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, அதன் நுனியால் அல்ல, வயிற்றால் அழுத்த வேண்டும். தூரிகையைச் சாய்த்து உருண்டையின் நடுவில் படுக்க வைத்து, பூவின் மையத்தை நோக்கி மெல்ல இழுத்தால் நடுவில் பள்ளம் விழுகிறது. பள்ளத்திலிருந்து ஒதுங்கிய சரக்கு இரு ஓரங்களிலும் எழுந்து நிற்கிறது. அந்த எழுச்சிதான் இதழ். நுனியைப் பூவின் மையத்தில் லேசாகக் குத்தி இழுத்தால் இதழின் காம்பு கூராகும். ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அலை வரும். மொத்தம் நான்கைந்து அசைவுகள். ஆறாவது அசைவு செய்தால் கெட்டது. எத்தனை இதழை அந்த ஆறாவது அசைவில் கெடுத்திருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை.

ஏன் எனக்கு மட்டும் இவ்வளவு கஷ்டம் என்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. லேபில் நான் செய்வது செதுக்கல். மெழுகை அதிகமாக வைத்து, கத்தியால் வேண்டாததைச் சீவி எடுப்பேன். இறுகிய அக்ரிலிக்கையும் அப்படித்தான், டிரில்லில் தேய்த்துத் தேய்த்து வடிவுக்குக் கொண்டுவருவேன். அதிகம் வை, பிறகு குறை. 22 வருடங்களாக என் கைக்குள் உறைந்துபோன பாடம் அது. பூ செய்வதில் எதையும் எடுப்பதே இல்லை. வைத்தது வைத்ததுதான். அதை ஓரத்துக்குத் தள்ளலாம், மேலே எழுப்பலாம், கீழே அமுக்கலாம், வெளியே எடுக்க முடியாது. இது செதுக்கல் அல்ல, ஒதுக்கல். உருண்டை பெரிதாக இருந்தால் இதழ் தடித்துவிடும். தடித்த இதழை எந்தக் கத்தியும் காப்பாற்றாது. என் முதல் உருண்டைகள் எல்லாம் "பிறகு குறைத்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பில் எடுத்தவை. காதுக்குக் காரணம் அதுதான்.

தூரிகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் ஒரு குற்றவாளி. இந்த வேலைக்குப் பெயர்பெற்றது கோலின்ஸ்கி. சைபீரிய மரநாய் இனத்தின் வால் மயிரில் செய்வது. வயிறு பருத்து, திரவத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும். நுனி ஊசியாகக் கூடும். அழுத்திவிட்டு எடுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். முழு நகத்துக்கு எட்டு, பத்து எண் தூரிகைகள் பிடிப்பார்கள். பூவுக்கு நான்கு அல்லது ஆறு போதும். மகளுடைய நான்காம் எண் தூரிகையை ஒரு நாள் இரவு, அவள் தூங்கிய பிறகு, கடன் வாங்கினேன். வேலை முடிந்ததும் நல்ல பிள்ளையாகச் சுத்தம் செய்து வைப்போம் என்று அசிட்டோனில் அலசினேன். லேபில் எதைத் துடைக்க வேண்டுமானாலும் எங்கள் கை அசிட்டோன் பக்கம்தான் போகும்.

காலையில் அந்தத் தூரிகை தென்னங்கீற்றுத் துடைப்பம் மாதிரி விரிந்து நின்றது. மயிரில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப்பசையை அசிட்டோன் உரித்துவிடும். பிறகு அது உலர்ந்து நுனி கூடாது. அதை மோனமரால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும், மோனமரால் நுனியைக் கூட்டிப் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். "இத்தனை வருடம் இதே வேலை செய்கிறீர்கள், இது தெரியாதா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் அன்றைக்கே ஒரு புதுத் தூரிகை வாங்கிக் கொடுத்துவிட்டு, விரிந்ததை என் பங்குக்கு எடுத்துக்கொண்டேன். விரிந்த தூரிகையாலும் ஒரு பயன் உண்டு. பூவின் நடுவே மகரந்தம் மாதிரிக் குத்திக் குத்திப் புள்ளி வைக்க அது அருமை. தண்டனையில் கிடைத்த சலுகை.

பழகுவதற்கு எல்லோரும் பிளாஸ்டிக் நகங்களை ஒரு தண்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அலுமினியத் தாள் அல்லது சிலிக்கான் விரிப்பின்மேல் செய்தால் இறுகியதும் பூ தனியாகக் கழன்று வரும். அப்படி முன்கூட்டியே செய்து டப்பாவில் சேர்த்து வைத்து, வேண்டும்போது அடியில் ஈரமான ஒரு சின்ன உருண்டையை வைத்து ஒட்டிக்கொள்ளலாம். நான் பழகியது வேறு இடத்தில். லேபில், அளவு தவறி ஒதுக்கப்பட்ட மேல்தாடைப் பல்செட் ஒன்று இருந்தது. அதன் அண்ணப் பகுதி வழவழவென்று, நகம் போலவே வளைந்து, என்னைக் கூப்பிட்டது. மதிய இடைவேளைகளில் அதில் பூவாகப் போட்டேன். முதல் வரிசை மூன்றும் மறுநாள் விரல் பட்டதும் உதிர்ந்துவிட்டன. காரணம் எனக்குத் தெரிந்த காரணம்தான். பாலிஷ் போட்ட பரப்பில் புது அக்ரிலிக் பிடிக்காது, தேய்த்துச் சொரசொரப்பாக்கி மோனமர் தடவ வேண்டும். உடைந்த பல்செட்டை ஒட்டும்போது தினமும் செய்கிறேன். பூ என்றதும் மறந்துபோயிற்று. நகத்திலும் இதுவேதான். பூ உட்காரப் போகிற இடத்தின் பளபளப்பை மட்டும் பஃபர் என்கிற தேய்ப்பானால் எடுத்துவிட வேண்டும். பூவைச் சுற்றி டாப் கோட் என்கிற பளபளப்பான மேல்பூச்சைப் பூசலாம், பூவின்மேல் பூசினால் பள்ளமெல்லாம் நிரம்பி, பட்ட பாடு அத்தனையும் ஒரு வழவழப்பான கட்டியாகிவிடும். மேட்டாக விட்டால்தான் இதழின் நிழல் தெரிகிறது.

நிறத்தைச் சேர்க்கக் கற்றதும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. தூரிகை நுனியில் முதலில் வெள்ளைப் பவுடரைத் தொட்டு, உடனே இளஞ்சிவப்பைத் தொட்டால் ஒரே உருண்டைக்குள் இரண்டு நிறம் பக்கம் பக்கமாகத் திரளும். கலக்கக் கூடாது. சிவப்புப் பக்கம் மையத்தைப் பார்க்கும்படி வைத்து அழுத்தினால் உள்ளே சிவந்து வெளியே வெளுத்துப் போகிற இதழ் தானாக வருகிறது. முதல் தடவை அது சரியாக வந்தபோது நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவே செய்துகொண்டது என்றுதான் தோன்றியது. இலை சுலபம். பச்சை உருண்டையைக் கண்ணீர்த்துளி வடிவில் இழுத்து, நடுவில் தூரிகை ஓரத்தால் ஒரு கோடு. ரோஜாவைப் பற்றிக் கேட்காதீர்கள். நடுவில் ஒரு மொட்டு வைத்து, அது இறுகியதும் பிறைபிறையாகச் சுற்றிலும் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைக் கொஞ்சம் மறைக்க வேண்டும். என் ரோஜா இன்னும் முட்டைக்கோஸ் கட்டத்தில்தான் இருக்கிறது.

பூவை நகத்தில் எங்கே வைப்பது என்பதிலும் ஓர் அறிவு உண்டு. நுனியில் வைத்தால் அழகாகத் தெரியும், நான்கு நாளில் இடித்துக்கொண்டு போய்விடும். நகம் விரலோடு ஒட்டியிருக்கிற பகுதியில், தோலைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு வைத்தால் நிற்கும். மோதிர விரல்தான் தோது, அது சோம்பேறி, அதிகம் வேலை செய்யாது. இதழ் ஓரங்களை மேலே தூக்கிவிட்டால் நிஜப் பூ போல இருக்கும். தலைமயிர் சிக்கும், துண்டின் நூல் சிக்கும், சட்டைப் பைக்குள் கை விட்டால் பையோடு வரும். இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், என் இடது மோதிர விரலில் ஒரு பூவை வைத்துக்கொண்டு மூன்று நாள் லேபுக்குப் போனேன். பரிசோதனைக்காக. பக்கத்து மேசைக்காரர் முதல் நாள் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் பார்த்தார். மூன்றாம் நாள், "வலிக்கிறதா?" என்று கேட்டார். ஏதோ கட்டி என்று நினைத்திருக்கிறார்.

இப்போது அந்த அண்ணன் தம்பி விஷயம். லேபில் மெத்தில் மெத்தாக்ரிலேட் பாட்டில் பாட்டிலாக இருக்கிறது. வீட்டில் மகளுடைய திரவம் தீர்ந்துபோன ஒரு நாள், கொஞ்சம் எடுத்து வரலாமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். அது நகத்தின்மேல் மிகக் கெட்டியாக, வளையாமல் இறுகும். எங்காவது இடித்தால் அக்ரிலிக் உடையாது, அடியில் உள்ள சொந்த நகம் பிய்ந்து வரும். அசிட்டோனில் ஊற வைத்தாலும் லேசில் கரையாது. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு நகச் சேதம், தோல் அழற்சி என்று புகார்கள் வந்து, முழுக்க மெத்தில் மெத்தாக்ரிலேட்டாலான நகப் பொருள்களை நீதிமன்றம் வழியாகச் சந்தையிலிருந்து அகற்றியது. அதற்குப் பிறகும் மலிவு என்பதற்காக அது நகப் பொருளாக விற்கப்படுவது நின்றபாடில்லை. மகள் ஒரு தடவை வாங்கி வந்த பாட்டிலில் உட்பொருள் பட்டியலே இல்லை. மூடியைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது அண்ணன். விற்றவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார். ஒன்றல்ல.

நல்ல திரவமாக இருந்தாலும் இறுகாத மோனமர் தோலில் படக் கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு விரல் நுனிகள் வெடித்து, தோல் உரிந்து, கடைசியில் மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை என்று தெரியவந்து, தொழிலையே விட்டுவிட்டார். ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. பல் அடைக்கிற பொருள்களிலும், மூட்டு மாற்றும்போது எலும்பில் வைக்கிற சிமென்ட்டிலும் இதே குடும்பம் இருப்பதால், பின்னாளில் சிகிச்சைக்கே சிக்கல் வரலாம். லேட்டக்ஸ் கையுறையை மோனமர் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கொஞ்சம் மேல், ஆனாலும் பட்டதும் கழற்றிவிட வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கிண்ணத்துக்கு மூடி வேண்டும், தேய்க்கும்போது தூசிக்கு முகக்கவசம் வேண்டும். மிஞ்சிய திரவத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது, அதில் பவுடர் கலந்திருக்கும். இதையெல்லாம் நான் சொல்லும்போது மகள் கண்ணை உருட்டுவாள். உருட்டட்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு உருட்டட்டும்.

நானும் அவளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தேன், அதையும் எழுதாவிட்டால் நேர்மையாகாது. வெப்பமான நாள்களில் லேபில் கலவை சீக்கிரம் இறுகாமலிருக்கப் பாத்திரத்தைக் குளிரவைப்போம். "டேப்பன் டிஷ்ஷைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வை. ஏழு எண்ணுவது பதினைந்தாகும். நிதானமாகச் செய்யலாம்" என்றேன், பெரிய ரகசியத்தை அவிழ்ப்பவன் மாதிரி. வைத்தாள். எடுத்தாள். ஊற்றினாள். குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் பூத்து, மோனமருக்குள் வடிந்தது. இதழ்கள் எல்லாம் திட்டுத் திட்டாக வெளிறிப்போயின. ஈரம் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற பாதியை நான் சொல்ல மறந்திருந்தேன். லேபில் மூடிய ஜாடி, இங்கே திறந்த கிண்ணம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தான் பழகும் பிளாஸ்டிக் நகத்தில் ஒட்டியிருந்த வெளிறிய பூ ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், தினமும் ஐந்து பூ. போன வாரம் அவள் என் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு பூவில் விரலை நிறுத்தினாள். வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற ஐந்து இதழ், நடுவில் விரிந்த தூரிகையால் குத்திய மஞ்சள் புள்ளிகள். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். "இந்த இரண்டாவது இதழ் மட்டும் தடிப்பு" என்றாள். மற்ற நான்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

அந்தப் பல்செட் லேபில் என் அலமாரியில்தான் இருக்கிறது. அண்ணம் முழுக்க இப்போது பூ, ஓரத்தில் இரண்டு இலை, ஒரு முட்டைக்கோஸ் ரோஜா. நேற்று, புதிதாகச் சேர்ந்த பையன் அலமாரியைத் துடைக்கும்போது அதைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்பத் தயக்கத்தோடு என்னிடம் வந்தான்.

"அண்ணா, இந்த கேஸில் டாக்டர் பெயர் எழுதவில்லையே. யாருக்கு அனுப்புவது?"